நீலப் பறவையும் நான்கு குரல்களும்

எங்கள் அலுவலகத்தில் எனக்குப் பத்து வயது மூத்தவர் ஒருவர் இருந்தார். கோப்புகளில் புலி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிலில் பூசைக்குப் பாடும் குழுவில் பாஸ் குரல் அவருடையது. இளமையில் சென்னையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது அங்கே ஒரு கொயரில் சேர்ந்து ஆங்கிலப் பாட்டுகளும் பாடியிருக்கிறார். 1980-களின் நடுவில் ஒருநாள் ஒரு கேசட்டைக் கொடுத்து, "கேட்டுட்டு வந்து சொல்லு தம்பி" என்றார். வாத்தியமே இல்லாமல் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் இங்கிலாந்துப் பாட்டுகள்.

கேட்டேன். சத்தம் இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சொல் கூடப் பிடிபடவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கப் பிரெஞ்சில் படித்தவன் நான். ஆங்கிலம் பின்னால் உத்தியோகத்துக்காகக் கற்றுக்கொண்டது. குறை என் காதிலா, பாட்டிலா என்று சந்தேகம். கேசட் உறையில் ஷேக்ஸ்பியர், டென்னிசன், ஷெல்லி என்று பெரிய பெரிய பெயர்கள். இவ்வளவு பெரிய கவிகளின் சொற்களை எடுத்து, நாலு பேர் நாலு பக்கம் இழுத்து, ஒன்றும் புரியாமல் செய்வதற்கா இத்தனை பாடு என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "நீ திண்ணையில உக்காந்து கேக்கற தம்பி. உள்ள வந்து பாடிப் பாரு" என்றார்.

மழுப்புகிறார் என்று அன்று நினைத்தேன். ஓய்வு பெற்றபின், கையில் நேரம் இருந்ததால், இந்தப் பாட்டுகளின் வரலாற்றைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். அவர் மழுப்பவில்லை என்று தெரிந்தது. படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், இது என்ன பாட்டு என்று சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் 'பார்ட் ஸாங்' என்கிறார்கள். ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு, பெண்களின் மேல்குரலான சோப்ரானோ, கீழ்க்குரலான ஆல்ட்டோ, ஆண்களின் மேல்குரலான டெனர், கீழ்க்குரலான பாஸ் என்று நான்கு வரிசை இசை எழுதுவது. நான்கும் ஒரே சமயத்தில் ஒலிக்கும். நான்கும் வெவ்வேறு ஸ்வரத்தில் போகும். சேர்ந்து கேட்டால் ஒரே பாட்டு. பெரும்பாலும் பக்கவாத்தியம் கிடையாது. நம் ஊர்ப் பஜனையில் ஐம்பது பேர் பாடினாலும் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் பாடுகிறோம். அங்கே அப்படி இல்லை.

இங்கிலாந்தில் இதற்கு முன்னோடிகள் உண்டு. எலிசபெத் ராணியின் கடைசிக் காலத்தில் இத்தாலியைப் பார்த்து எழுதிய மாட்ரிகல் பாட்டுகள். பதினெட்டாம் நூற்றாண்டில் கனவான்கள் சாப்பாடு முடிந்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு குரலுக்கு ஒருவராகப் பாடிய 'க்ளீ' பாட்டுகள். அவை எல்லாம் சிலருக்கு உரியவை. நான் சொல்லும் பார்ட் ஸாங் பலருக்கு உரியது. ஒரு குரலுக்குப் பத்துப் பேர், இருபது பேர். கடைக்காரர், நெசவாலைத் தொழிலாளி, பள்ளி ஆசிரியை, குமாஸ்தா என்று பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள் மாலையில் கூடிப் பாடுவதற்காக எழுதப்பட்டது. இப்படிக் கூடிப் பாட அவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? இதற்கான பதிலில் பாரிஸும் வருகிறது, சென்னை எழும்பூரும் வருகிறது.

1789 வாக்கில் எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான அனாதை விடுதியை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் நடத்திவந்தார். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதைத் தம் விடுதிக்கு எடுத்துக்கொண்டார். மூத்த பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் வைத்தார்; நம் சட்டாம்பிள்ளை முறை போன்றதுதான். ஊருக்குத் திரும்பி 1797-இல் அதைப் பற்றிப் புத்தகம் போட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. அதே காலத்தில் லங்காஸ்டர் என்பவரும் அதே போன்ற ஒரு முறையை நடத்தினார். இரண்டும் பிரான்சுக்குப் போய் 'ஒருவருக்கொருவர் கற்பித்தல்' என்று பெயர் மாறின. பாரிஸ் நகரத்தின் அந்தப் பள்ளிகளில் பாட்டுக் கற்றுக் கொடுத்தவர் வில்ஹெம் என்ற புனைபெயர் கொண்ட பொக்கியோன். ஏழைப் பிள்ளைகளையும் தொழிலாளிகளையும் கூட்டமாக வைத்து இசை வாசிக்கக் கற்றுக் கொடுக்க ஒரு முறை வகுத்தார். பிரான்சின் புகழ்பெற்ற 'ஓர்ஃபெயோன்' பாடகர் சங்கங்கள் அவரிடமிருந்து பிறந்தவை.

1839-இல் ஜான் ஹல்லா என்ற இளைஞர் லண்டனிலிருந்து பாரிஸுக்குப் போனார். மைன்ஸர் என்பவர் அங்கே நடத்திவந்த வகுப்பைப் பார்க்கத்தான் போனார், அது நின்றுபோயிருந்தது. பதிலுக்கு வில்ஹெமின் வகுப்பைப் பார்த்தார். கூடப் போனவர் சோர்லி என்ற இசை விமரிசகர். இந்தச் சோர்லியின் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருவார். 1841-இல் லண்டன் எக்ஸெட்டர் ஹாலில் ஹல்லா தொடங்கிய வகுப்புகளுக்குக் கூட்டம் அலைமோதியது.

ஆனால் அந்த முறையில் ஒரு கோளாறு இருந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு 'தோ' என்றால் அது ஒரே இடத்தில் நிற்கும் ஸ்வரம். எந்தச் சுருதியில் பாடினாலும் அந்தத் தோ நகராது. எங்கள் பள்ளியிலும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். சுருதி மாறியதும் கற்பவர் திண்டாடிப்போவார். நாரிச் நகரத்தில் சாரா க்ளோவர் என்ற ஆசிரியை வேறு வழி கண்டிருந்தார்: பாட்டின் சுருதி எதுவோ அதுவே 'தோ'. நம் ஷட்ஜம் மாதிரி. ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் 'ஸ' என்பது 'ஸ'தானே? ஜான் கர்வன் என்ற பாதிரியார் அதை எடுத்துச் செப்பம் செய்து 'டானிக் ஸோல்-ஃபா' என்று நாடெங்கும் பரப்பினார். ஐந்து கோடும் புள்ளியும் தேவையில்லை. எழுத்துகளை வைத்தே பாடலாம். ஹல்லாவின் முறை மெல்ல மறைய, கர்வனின் முறை நிலைத்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இது கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் நியாயம் கர்வன் பக்கம்.

இதோடு நொவெல்லோ என்ற பதிப்பகமும் சேர்ந்துகொண்டது. ஆல்ஃப்ரெட் நொவெல்லோ 1844-இல் 'தி மியூசிக்கல் டைம்ஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கி, ஒவ்வொரு இதழோடும் ஒரு கூட்டுப் பாட்டையும் அச்சிட்டுக் கொடுத்தார். அறிவின் மீதான வரிகள் என்று அழைக்கப்பட்ட பத்திரிகை முத்திரை வரி, விளம்பர வரி, காகிதத் தீர்வை ஆகியவற்றை எதிர்த்துப் போராடிய சங்கத்தின் பொருளாளரும் அவர்தான். மூன்றும் 1853 முதல் 1861-க்குள் ஒவ்வொன்றாக ஒழிந்தன. காகிதம் மலிந்தது, சில பென்னிக்கு ஒரு பாட்டு கிடைத்தது. பல பாட்டுகளில் ஐந்து கோட்டுக்குப் பக்கத்திலேயே ஸோல்-ஃபா எழுத்துகளும் இருக்கும்.

பாடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் தயார். காகிதம் தயார். பாட்டு வேண்டும், பாட்டுக்குச் சொல் வேண்டும். அங்கேதான் கவிஞருக்கும் இசைக்காரருக்கும் உரசல் தொடங்கியது.

நம் சாகித்தியகர்த்தாக்கள் மெட்டோடுதான் சொல்லைப் பெற்றார்கள். தியாகராஜரின் சொல்லையும் இசையையும் யார் பிரிப்பது? கோபாலகிருஷ்ண பாரதியாரும் அப்படித்தான். இங்கிலாந்தில் கவிதை என்பது தனியாக உட்கார்ந்து மௌனமாக வாசிக்க எழுதியது. அதற்கென்று ஓர் ஓட்டம் உண்டு. அதை எடுத்து நான்கு குரலுக்குப் பங்கிட்டால் என்ன ஆகும்? சோப்ரானோ மூன்றாம் சொல்லில் இருக்கும்போது பாஸ் முதல் சொல்லில் நிற்கும். ஒரு வரி மூன்று தடவை திரும்ப வரும். கவிஞர் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைத்துச் சொன்னது அது.

இதிலிருந்து தப்ப ஒரு சுலபமான வழி உண்டு. சுமாரான கவிதையை எடுத்துக்கொள்வது. நான் கேலி செய்யவில்லை. ஆர்தர் சல்லிவன் 1868-இல் எழுதிய 'தி லாங் டே க்ளோஸஸ்' என்ற ஆண்குரல் பாட்டு இன்றும் பாடப்படுகிறது. சாவு வீட்டில் பாடினால் கண் கலங்கும். அதன் சொல் யாருடையது? ஹல்லாவோடு பாரிஸுக்குப் போனாரே, அதே சோர்லி. கவிதை என்று தனியாக எடுத்து வாசித்தால் சாதாரணம்தான். இசை அதைத் தூக்கி நிறுத்திவிட்டது. கெடுப்பதற்கு ஒன்றும் இல்லாத கவிதையை இசை கெடுக்காது என்பது என் எண்ணம். நம் சினிமாப் பாட்டுகளிலும் இதற்கு நிறைய சாட்சி உண்டு.

நல்ல கவிதையில் கை வைக்கும்போதுதான் சங்கடம். எட்வர்ட் எல்கர் இன்னும் பெயர் பெறாத காலம். 1889 வாக்கில் ஆண்ட்ரூ லாங் என்பவரின் ஒரு கவிதைக்கு நான்கு குரல் இசை அமைத்துவிட்டு, அச்சிட அனுமதி கேட்டு எழுதினார். லாங் மறுத்துவிட்டார். இசை முடிந்துவிட்டது, சொல் இல்லை. என்ன செய்வது? எல்கரின் மனைவி ஆலிஸ் கவிதை எழுதக் கூடியவர். அதே இசைக்கு, அதே அசைக் கணக்கில், வேறு சொற்களை எழுதிக் கொடுத்தார். பின்னால் லாங் அரை மனதோடு சம்மதித்துவிட்டதால், 1890-இல் பழைய சொற்களோடேயே 'மை லவ் ட்வெல்ட் இன் எ நார்தர்ன் லேண்ட்' என்று நொவெல்லோ வெளியிட்டது.

இந்தச் சம்பவத்தைப் படித்தபின் எனக்குச் சில நாள் இதே யோசனை. இசைக்காரர் கவிதையின் பொருளைக் கரைத்துத்தான் இசையாக்குகிறார் என்றால், மனைவி எழுதிய வேறு சொற்கள் அந்த இசையில் எப்படிப் பொருந்தின? பொருந்தின என்றால், அவர் கவிதையிலிருந்து எடுத்தது பொருளையா, வெறும் அசைக் கணக்கையா? இந்தக் கேள்வியை நான் எல்கரிடம் கேட்க முடியாது. ஆனால் அவர் பின்னால் எழுதிய ஒரு பாட்டு பதில் சொல்கிறது.

1907 டிசம்பரில் குடும்பத்தோடு ரோமில் தங்கியிருந்தபோது டென்னிசனின் 'லோட்டஸ் ஈட்டர்ஸ்' கவிதையின் ஒரு பகுதியை எடுத்தார். கடலில் அலைந்து களைத்த மாலுமிகள் ஒரு தீவில் இறங்கி, அங்குள்ள தாமரையைத் தின்று, ஊருக்குத் திரும்பும் நினைப்பே இல்லாமல் மயங்கிக் கிடக்கும் கதை. எல்கர் என்ன செய்தார் தெரியுமா? ஆண்களுக்கு ஒரு சுருதி, பெண்களுக்கு வேறு சுருதி வைத்தார். நம் கணக்கில் சொன்னால் ஆண்கள் ஐந்து கட்டை, பெண்கள் ஐந்தரைக் கட்டை. நம் மேடையில் இரண்டு பாடகர்கள் இப்படி உட்கார்ந்தால் சபா செயலாளர் எழுந்து ஓடிவிடுவார். ஆனால் எல்கரின் பாட்டில் அவை மோதிக்கொள்வதில்லை. மாறி மாறி வந்து, ஒன்று முடியுமிடத்தில் மற்றொன்று நழுவி நுழைகிறது. கேட்கிறவனுக்குத் தரை எது, தண்ணீர் எது என்று தெரியாமல் போகிறது. அந்த மயக்கம் முழுக்க டென்னிசனுடையது. இந்த இசைக்கு ஆலிஸ் அம்மையார் வேறு சொற்களை எழுதிக் கொடுத்திருக்க முடியாது. பதினெட்டு ஆண்டுகளில் எல்கர் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார். 'தேர் இஸ் ஸ்வீட் மியூசிக்' என்பது அந்தப் பாட்டின் பெயர். அதே தொகுப்பின் கடைசிப் பாட்டான 'ஆந்தைக'ளுக்கு எந்தக் கவிஞரிடமும் அனுமதி கேட்கவில்லை. சொற்களைத் தாமே எழுதிக்கொண்டு, மகள் வளர்த்த முயலுக்குச் சமர்ப்பணம் செய்துவிட்டார்!

கவிஞர்களின் கோபத்தையும் சொல்ல வேண்டும். ஹவுஸ்மன் தம் கவிதைகளுக்கு இசை அமைக்க யாரையும் தடுக்கவில்லை, பணமும் கேட்கவில்லை. ஆனால் வான் வில்லியம்ஸ் ஒரு கவிதையில் இரண்டு செய்யுட்களை விட்டுவிட்டு இசை அமைத்தபோது கொதித்துப்போனார். அது தனிக்குரல் பாட்டுதான், ஆனாலும் வழக்கு ஒன்றுதான். கவிதையைச் சிதைக்காதவரை வேண்டாததை விட்டுவிட இசைக்காரருக்கு உரிமை உண்டு என்பது வான் வில்லியம்ஸ் கட்சி. முப்பது வருஷம் கோப்புகளில் மேலதிகாரிகள் என் வாக்கியங்களை வெட்டியதைப் பார்த்தவன் நான். என் அனுதாபம் ஹவுஸ்மனுக்கே.

இப்போது நீலப் பறவைக்கு வருகிறேன். என் நண்பரின் கேசட்டில் எனக்குப் பிடித்துப்போன ஒரே பாட்டு அதுதான். 'தி ப்ளூ பேர்ட்'. இசை சார்ல்ஸ் வில்லியர்ஸ் ஸ்டான்ஃபோர்ட். டப்ளினில் பிறந்த ஐரிஷ்காரர், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் 1883-இல் திறந்த நாள் முதல் அங்கே இசை அமைக்கக் கற்றுக் கொடுத்தவர், கேம்பிரிட்ஜிலும் பேராசிரியர். கடுமையான வாத்தியார். வான் வில்லியம்ஸ், ஹோல்ஸ்ட் எல்லாம் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்.

கவிதை மேரி கோல்ரிட்ஜ் எழுதியது. பெரிய கவிஞர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜின் வம்சம். அந்தப் பெரிய பெயருக்குத் தம்மால் இழுக்கு வந்துவிடக் கூடாது என்று 'அனோடோஸ்' என்ற புனைபெயரில் ஒளிந்துகொண்டவர். கவிதைகளை வெளியிடவே தயங்கினார். கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் கண்ணில் அவை பட்டு, அவர் ஊக்கப்படுத்தி, 1896-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சிறிய அச்சகத்தில் சிறிய புத்தகமாக வந்தது. லண்டனில் உழைக்கும் பெண்களுக்கான கல்லூரியில் இலக்கியம் சொல்லிக் கொடுத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1907 ஆகஸ்டில், 46 வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது காலமானார். அதன் பிறகே அவருடைய சொந்தப் பெயரில் கவிதைத் தொகுப்பு வந்தது.

இந்தக் கவிதைக்கு மேரி வைத்த பெயர் ஆங்கிலத்தில் இல்லை. 'லுவாஸோ ப்ளே'. பிரெஞ்சு! இது தெரிந்தபோது நான் துள்ளிக் குதித்தேன். பள்ளிக்கூடத்தில் நாங்கள் மேட்டர்லிங்கின் 'லுவாஸோ ப்ளே' நாடகத்திலிருந்து ஒரு காட்சி படித்திருக்கிறோம். நீலப் பறவையைத் தேடிப் போகும் அண்ணன் தங்கை கதை. ஆகா, அதைப் படித்துத்தான் இந்த அம்மையார் எழுதியிருக்கிறார் என்று முடிவே கட்டி, இரண்டு நண்பர்களிடம் சொல்லியும்விட்டேன். பிறகு குமாஸ்தா புத்தி விடவில்லை, தேதிகளைச் சரிபார்த்தேன். மேட்டர்லிங்கின் நாடகம் மாஸ்கோவில் மேடையேறியது 1908. மேரி இறந்தது 1907. என் முடிவு தப்பு. பிரெஞ்சில் நீலப் பறவை அதற்கு வெகு முன்பே உண்டு. 1697-இல் மதாம் தோல்னுவா எழுதிய தேவதைக் கதை. அதில் ஒரு ராஜா சாபத்தால் நீலப் பறவையாகி, கோபுரத்தில் அடைபட்ட ஃப்ளோரின் இளவரசியிடம் பறந்து வருவான். மேரி நினைத்தது அதையா, அல்லது வெறும் அழகுக்கு வைத்த பெயரா? கவிதையில் ராஜாவும் இல்லை, இளவரசியும் இல்லை.

எட்டே வரிகள். ஒரு குன்றிலிருந்து கீழே பார்க்கிறார். அசையாத குளிர்ந்த ஏரி, நீலம். மேலே வானம், நீலம். நடுவில் வெளிறிய நீலச் சிறகோடு ஒரு பறவை குறுக்கே பறக்கிறது. அது போய்விடுமுன் ஒரு கணம் அதன் சாயல் தண்ணீரில் விழுகிறது. அவ்வளவுதான். கதை இல்லை, உபதேசம் இல்லை.

மேரியின் தந்தை ஆர்தர் கோல்ரிட்ஜ் வழக்கறிஞர், நல்ல பாடகரும்கூட. 1875-இல் லண்டன் பாக் கொயரைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். 1885 முதல் 1902 வரை அந்தக் கொயரை நடத்தியவர் ஸ்டான்ஃபோர்ட். மேரி இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1910-இல், ஸ்டான்ஃபோர்ட் அவர் கவிதைகளில் எட்டை எடுத்துக் கூட்டுப் பாட்டுகளாக்கினார். பிறகு இன்னொரு எட்டு. முதல் எட்டில் மூன்றாவதுதான் நீலப் பறவை. பிரெஞ்சுத் தலைப்பை மட்டும் ஆங்கிலமாக்கிவிட்டார்.

அதில் அவர் செய்த வேலையைப் பாருங்கள். சுருதி நாலரைக் கட்டை. ஆல்ட்டோ, டெனர், பாஸ் குரல்கள் கவிதையின் சொற்களை மெதுவாக, ஒன்றாக, ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றபடி சொல்லிக்கொண்டு போகின்றன. அதுதான் ஏரி. அதற்கு மேலே சோப்ரானோ தனியாக வந்து 'நீலம்' என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதுதான் பறவை, அல்லது வானம். எது என்று சொல்ல முடியாது, கவிதையிலும் எல்லாம் ஒரே நிறம்தானே. எட்டு வரியில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்பதைக் கவனித்து, அதையே பாட்டின் உயிராக்கிவிட்டார். கவிஞர் செய்யாத எதையும் புதிதாகச் செய்யவில்லை. முடிவிலும் பாட்டு 'ஸ'வில் வந்து உட்காருவதில்லை. மேல்குரல் அந்த நீலத்தோடு அந்தரத்திலேயே நின்று கரைகிறது. பறவை போய்விட்டது, பார்த்தவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பெரிய சிம்பொனிகள், ஆபெராக்கள், ஏராளமான கோவில் இசை என்று எழுதிக் குவித்தவர் ஸ்டான்ஃபோர்ட். கோவில் இசை இன்றும் கதீட்ரல்களில் ஒலிக்கிறது. மற்றவற்றில் பலவும் அலமாரியில். நாலு நிமிஷம் கூட முழுதாக இல்லாத இந்தப் பாட்டை உலகமெங்கும் கொயர்கள் பாடுகின்றன. மேரி கோல்ரிட்ஜின் கவிதைப் புத்தகத்தை இன்று எத்தனை பேர் திறக்கிறார்கள்? பெயரை மறைத்து வாழ்ந்த அந்த அம்மையாரின் பெயர், ஒவ்வொரு கச்சேரி நிகழ்ச்சி நிரலிலும் இந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் அச்சாகிறது. அவர் அதைக் கேட்டதே இல்லை.

ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பாட்டை நிறுத்தும் இந்த வழியில் பின்னால் வந்தவர்களும் போனார்கள். ஜெரால்ட் ஃபின்ஸி 1930-களில் பிரிட்ஜஸின் ஏழு கவிதைகளுக்கு இசை அமைத்தார். அதில் ஒன்று முழுக்க 'ஜாய்', அதாவது மகிழ்ச்சி என்ற சொல்லைச் சுற்றிச் சுற்றி வரும். 1933-இல் அவர் மணந்துகொண்ட பெண்ணின் பெயர் ஜாய். பிரிட்ஜஸ் அதற்கு மூன்று வருஷம் முன்பே இறந்துவிட்டார். தம் சொல் இன்னொருவர் மனைவியின் பெயராக மாறியது அவருக்குத் தெரியாது. இந்த ஃபின்ஸி, அழிந்துகொண்டிருந்த பழைய ஆங்கில ஆப்பிள் வகைகளைத் தேடித் தேடித் தம் தோட்டத்தில் காப்பாற்றியவர். பழைய கவிதைகளையும் அப்படித்தான் தேடினார்.

பிரிட்டன் 1950-இல் எழுதிய ஐந்து பூப்பாட்டுகள், டார்ட்டிங்டனில் எல்ம்ஹர்ஸ்ட் தம்பதியின் 25-ஆம் திருமண நாளுக்கான பரிசு. இந்த லியோனார்ட் எல்ம்ஹர்ஸ்ட்தான் 1922-இல் ரவீந்திரநாத தாகூரோடு சேர்ந்து ஸ்ரீநிகேதனைத் தொடங்கியவர். அடுத்த ஆண்டு வான் வில்லியம்ஸ். 78 வயதில், பாட்டுப் போட்டி விழாவுக்காக நண்பர் ஆர்ம்ஸ்ட்ராங் கிப்ஸ் ஒரு பாட்டு கேட்க, முதலில் முடியாது என்றவர், பிறகு மூன்று ஷேக்ஸ்பியர் பாட்டுகளை எழுதி அனுப்பிவிட்டார். 1951 ஜூனில் லண்டனில் அரங்கேறியது.

போட்டி என்றேன் அல்லவா. 1885-இல் மேரி வேக்ஃபீல்ட் என்ற பாடகி கெண்டல் ஊருக்குப் பக்கத்தில் தொடங்கிவைத்த வழக்கம் அது. சுற்றுவட்டாரத்துக் குழுக்கள் எல்லாம் வந்து ஒரே பாட்டைப் பாடும். நல்ல கவிதைக்கு நல்ல இசையைத் தேர்ந்தெடுத்து எல்லோருக்கும் கொடுப்பார்கள். மாதக்கணக்கில் வாரம் ஒருநாள் மாலை அதே எட்டு வரியைப் பாடிப் பழக வேண்டும். ஒரு சொல்லில் அழுத்தம் எங்கே, மூச்சு எங்கே விடலாம், அந்தச் சொல்லைச் சொல்லும்போது மற்ற மூன்று குரல்களும் என்ன செய்கின்றன என்று. ஒரு கவிதையை அத்தனை தடவை வாசிக்கிற வாசகர் எந்தக் கவிஞருக்குக் கிடைப்பார்? அரங்கில் உட்கார்ந்து ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகிறவனுக்குச் சொல் காதில் விழாமல் போகலாம். பாட்டு அவனுக்காக எழுதப்பட்டதல்ல.

என் நண்பர் ஓய்வு பெற்று வெகு நாள் கழித்து, முத்தியால்பேட்டையில் மகள் வீட்டில் இருந்தார். பார்க்கப் போயிருந்தேன். கண் மங்கிவிட்டது. குரல் இருந்தது. நீலப் பறவை நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"என் வரி மட்டுந்தான் தெரியும் தம்பி. பாஸ் வரி. அதுல பாட்டே இருக்காது" என்றார்.

பரவாயில்லை, பாடுங்கள் என்றேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையால் தாளம் போட்டுக்கொண்டு பாடினார். மெட்டு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அடியில் ஒன்றிரண்டு ஸ்வரங்கள், இடையிடையே மௌனம். அந்த மௌனங்களில் மற்றவர்கள் பாடுவதைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக் காத்திருந்துவிட்டு, தம் இடம் வந்ததும் சரியாகச் சேர்ந்துகொண்டார். கேசட்டில் எனக்குப் பிடிபடாத சொற்கள் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தன: ஏரி, குன்று, தண்ணீர், நீலம்.

உள்ளேயிருந்து அவர் மகள் காபி கொண்டுவந்து, பாட்டு முடியட்டும் என்று டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.